காற்று எங்கள் துறை அல்ல

சுற்றுலா வாரியத்தின் பாய்மரக் கப்பலுக்கு ஐந்து பாய்களையும் தைத்துக் கொடுத்தவள் தார்ப்பாய்க் கடைக்கார அக்காதான். லாரிக்குத் தார்ப்பாய், கடைவாசலுக்கு மறைப்பு, மழைக்காலத்தில் செங்கல் அடுக்குக்கு மூடுதுணி என்று கனத்த துணியில் எது கேட்டாலும் தைத்துத் தருவாள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஊரில் யாருமில்லை. பத்து வயது மூத்த லாரி டிரைவர்களுக்குக்கூட அவள் தார்ப்பாய் அக்காதான். வேலை அப்படி.

கப்பல் பாய்க்கான டெண்டர் படிவத்தைப் பார்த்தபோது அவள் கொஞ்சம் குழம்பித்தான் போனாள். 'பாய்' என்ற சொல்லைக் கண்டதும் வாரியத்தில் யாரோ கோப்பைப் படுக்கைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். 'ஒரு பாயில் எத்தனை பேர் படுக்கலாம்?' என்று முதல் கேள்வி. 'யாரும் படுக்கக் கூடாது' என்று எழுதினாள். 'மூட்டைப்பூச்சி அண்டாது என்பதற்கு உத்தரவாதம் உண்டா?' 'கடலில் மூட்டைப்பூச்சி இருந்தால் சொல்ல முடியாது.' 'தலையணை தனியா, சேர்த்தா?' அந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். காற்றைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் இல்லை.

நேரில் போய்க் கேட்டாள். "சார், அந்தக் கடல்ல காத்து எவ்ளோ வேகமா அடிக்கும்? அதுக்குத் தகுந்த மாதிரிதான் ஓரம் மடிச்சுத் தைக்கணும்."

மேசைக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "காத்துக்கு இதுல கட்டமே இல்லியேம்மா" என்றார்.

ஆகவே அவளே கடற்கரைக்குப் போய் நாலு நாள் நின்றாள். துணியை விரித்துப் பிடித்துப் பார்த்தாள். மீன்பிடிப் படகுக்காரர்களிடம் விசாரித்தாள். மூன்று மடிப்பு, இரட்டைத் தையல் என்று முடிவு செய்து ஏழு மாதம் தைத்தாள். பெரிய பாய் கடைக்குள் கொள்ளவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூட விளையாட்டரங்கில் விடுமுறை நாட்களில் அதை விரித்து, மேலே மண்டியிட்டு நகர்ந்து நகர்ந்து தைத்ததில் முழங்கால் இரண்டும் காய்ப்பேறிவிட்டன. பிறகு வாரியத்தின் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

தைத்த பொருள் போன இடத்தில் எப்படி இருக்கிறது என்று அவள் கவலைப்படுகிறவள் அல்ல. லாரிமேல் கிடக்கும் தார்ப்பாயில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் இந்த ஐந்தை மட்டும் காற்றில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளை மூன்று வருஷமாக அரித்தது.

அந்த வருஷம் பத்திரிகையில் வண்ண விளம்பரம் வந்தது. 'காற்றோடு மூன்று நாள்! தென்னங்கரையோரம் பாய்மர இன்பப் பயணம்!' படத்தில் அவளுடைய ஐந்து பாய்களும் புடைத்து நின்றன. அன்றைக்கே இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள்.

அவள் புருஷன் மின்சார அலுவலகத்தில் லைன்மேன். "கம்பத்துல ஏறுறவனுக்குக் கடல் எதுக்குடி?" என்று முனகினான். "எவ்ளோ உயரம்னாலும் எனக்குப் பயமில்ல. கீழ தரை இருக்கணும், அவ்வளவுதான்."

"தரைதானே? தண்ணிக்குக் கீழ இருக்கும், வாங்க" என்றாள்.

துறைமுகத்தில் மகிழ்ச்சி அலுவலர் அவர்களை வரவேற்றார். அது அவருடைய பதவியின் பெயர். அடர்ந்த மீசையும், கழுத்தில் ஒரு விசிலும், கையில் ஒரு பதிவேடுமாக இருந்தார். ஆளுக்கொரு காகிதத்தை நீட்டி, "கடைசி வரியில கையெழுத்து போடுங்க" என்றார்.

அக்கா வாசித்தாள். 'பயணம் மிக இனிமையாக இருந்தது. பத்திரமாகக் கரை திரும்பினேன்.'

"தம்பி, நாங்க இன்னும் ஏறவே இல்லையே."

"திரும்பி வந்ததும் எல்லாரும் பெட்டியத் தூக்கிட்டு ஓடிடறாங்க மேடம். அதனாலதான் முன்கூட்டியே வாங்கிடறோம். இதுல எங்க வாரியம்தான் முதலிடம். போன தடவை நூறு பேர் போனாங்க. நூத்து மூணு பேர் பத்திரமாத் திரும்பினாங்க."

பின்னால் வரிசை நெருக்கியது. அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தளத்துக்கு ஏறினாள். ஏறியதும் முதல் வேலையாக அண்ணாந்து பார்த்தாள்.

இரண்டு பாய்மரங்கள் இருந்தன. பாய்கள் இல்லை. சரியாகச் சொன்னால், இருந்தன. கெட்டியான பிளாஸ்டிக் உறையில் சுருட்டிக் கட்டப்பட்டு, முடிச்சுக்கு முடிச்சு சிவப்பு அரக்கு முத்திரையோடு, கைக்கு எட்டும் உயரத்துக் குறுக்குமரங்களில் நீட்டிப் படுத்துக்கிடந்தன. பெரிய மரத்துக்கு முன்னால் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் விரிந்த பாய்களின் படம். பயணிகள் அதற்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடித்தளத்திலிருந்து எஞ்சின் கடகடவென்று புகை கக்கியது.

மரத்தடியில் முக்காலி போட்டு ஒல்லியான ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டையில் 'பாய் விரிப்பவர் – நிலை 2' என்று தைத்திருந்தது.

"அண்ணே, பாய் எப்போ விரிப்பீங்க?"

"விரிப்பு விழா நடந்ததும் விரிப்போம்."

"விழா எப்போ?"

"மூணு வருஷமா தேதி கேட்டு எழுதிக்கிட்டே இருக்காங்க. திறந்து வைக்கப் பெரிய ஆளா வரணும்ல?"

"அதுவரைக்கும் உங்களுக்கு என்ன வேலை?"

அவர் சங்கடப்பட்டார். "காலைல கையெழுத்து போடுவேன். அப்புறம் இங்க உக்காருவேன். நான் நிலை ரெண்டு. கயித்தத் தொட மட்டும்தான் எனக்கு அதிகாரம். இழுக்கறது நிலை ஒண்ணு. அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் போடல." குரலைத் தாழ்த்தினார். "தினமும் ஒரு தடவை எந்திரிச்சுத் தொட்டுட்டு வந்து உக்காந்துக்குவேன்."

"அந்தப் பாயெல்லாம் நான்தான் தைச்சேன்" என்றாள் அக்கா.

பாய் விரிப்பவர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முக்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

இன்பப் பயணம் கால அட்டவணைப்படி தொடங்கியது. எட்டுப் பத்திலிருந்து எட்டு இருபத்தைந்து வரை கடலை இடதுபக்கம் பார்க்க வேண்டும். அதன் பிறகு பதினைந்து நிமிடம் வலதுபக்கம். விசில் ஒரு தடவை ஊதினால் புன்னகை. இரண்டு தடவை ஊதினால் கைதட்டல். மகிழ்ச்சி அலுவலர் பதிவேட்டோடு வரிசையாக வந்து, புன்னகைக்காதவர்களைக் குறித்துக்கொண்டார். வலதுபக்க நேரத்தில் இடதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டருக்கு எச்சரிக்கை கிடைத்தது. "சார், நான் மத்தவங்க பல்லப் பாத்தே பழகினவன், சிரிப்ப விசில் ஊதி வரவழைக்க முடியாது" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதற்காக இன்னொரு எச்சரிக்கை.

மாலையில் சூரிய அஸ்தமனத் தொடக்க விழா. தலைமை வகிக்க வாரியத்தின் துணை இயக்குநரே கப்பலில் வந்திருந்தார். கடலில்கூடக் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டை அவர் கழற்றவில்லை. மைக்கை வாங்கிச் சூரியனுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இந்தச் சூரிய அஸ்தமனம் சும்மா வந்துவிடவில்லை. இதற்குப் பின்னால் வாரியத்தின் பதினொரு ஆண்டு உழைப்பு இருக்கிறது. நாங்கள் பொறுப்பேற்பதற்கு முன்பு இந்தக் கடலோரத்தில் சூரியன் எந்த ஒழுங்கும் இல்லாமல் மறைந்துகொண்டிருந்தது. இன்று அதற்கென்று நேரம் இருக்கிறது, நிகழ்ச்சி நிரல் இருக்கிறது, நன்றியுரை இருக்கிறது."

நன்றியுரை முடிந்து அவர் விலகியபோது சூரியன் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு விசில். எல்லோரும் இருட்டைப் பார்த்துக் கைதட்டினார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மகிழ்ச்சி அலுவலர் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'மகிழ்ச்சி குறைவு' என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு டால்பின் துள்ளிக் குதித்தது. பயணிகள் ஓவென்று ஓடினார்கள். விசில் காதைக் கிழித்தது.

"யாரும் பாக்காதீங்க! டால்பின் நேரம் சாயங்காலம் நாலே கால்! இது வாரியத்தோட டால்பின் இல்ல! எல்லாரும் திரும்பி நில்லுங்க!"

என்ன கொடுமை என்றால், பாதிப் பேர் திரும்பி நின்றார்கள். டால்பின் அவர்களுடைய முதுகுகளுக்கு இன்னும் இரண்டு குதி குதித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டது. அக்கா கடைசிவரை பார்த்தாள். பார்த்து முடித்ததும் நேராகத் துணை இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பாயெல்லாம் நான் தைச்சது. ஒரே ஒரு பாய, அரை மணி நேரம் அவுத்து விடுங்க. காத்து பிடிக்குதான்னு பாத்துட்டு நானே சுருட்டிக் கட்டிடறேன்."

துணை இயக்குநர் பெரிய மனசோடு சிரித்தார். "உக்காருங்கம்மா. உங்க ஆர்வத்தப் பாராட்டறேன். ஆனா நிர்வாகம்னு ஒண்ணு இருக்கு. டீசல் வேணும்னா நான் தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டா வந்துடும். காத்து அப்படியா? யாருக்கு எழுதறது? வானிலைத் துறைக்கு எழுதினோம். காத்து எங்க பொறுப்புல வராது, அளக்கறது மட்டும்தான் எங்க வேலைன்னு பதில் போட்டுட்டாங்க. எங்களுக்கும் காத்து எங்க துறை அல்ல. யார் துறையிலும் இல்லாத ஒண்ண நம்பி ஒரு பொறுப்புள்ள வாரியம் கப்பல் ஓட்ட முடியுமா?"

"அப்புறம் எதுக்கு சார் பாய்மரக் கப்பல்னு விளம்பரம்?"

"பாய் இருக்கு. மரம் இருக்கு. கப்பல் இருக்கு. விளம்பரத்துல என்ன பொய்?"

"காத்தோட மூணு நாள்னு போட்டிருக்கீங்களே."

"உங்களச் சுத்திக் காத்து இல்லியாம்மா? மூச்சு விடறீங்கல்ல?" அவர் குனிந்து ரகசியம் போலச் சொன்னார். "இங்க பாருங்க, பாய விரிச்சா அழுக்காகும். அழுக்கானா துவைக்கணும். துவைச்சா நைஞ்சு போகும். மூணு வருஷமா ஒரு சுருக்கம் இல்லாம வெச்சிருக்கோம். நாட்டுலயே சிறப்பாப் பராமரிக்கப்படற பாய் இதுதான்னு எங்களுக்கு விருது குடுத்திருக்காங்க. அந்த விருதுக்கு நீங்களும் பெருமைப்படணும்."

அக்கா எழுந்தாள். "ஏழு மாசம் முட்டி தேயத் தைச்சேன் சார். விருதுக்குப் போத்தி வைக்கறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவள் 'மகிழ்ச்சிப் பயிற்சி'க்கு வர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கண்ணாடி முன் அரை மணி நேரம் உட்கார வேண்டுமாம். அவள் போகவில்லை.

பயிற்சி நேரம் முடிவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது.

எஞ்சின் அந்த மாதம்தான் பழுது பார்க்கப்பட்டதாகப் பதிவேட்டில் இருந்தது. எஞ்சினுக்குத்தான் அந்த விவரம் தெரியவில்லை. எஞ்சின்காரர் கரி பூசிய முகத்தோடு மேலே வந்து கையை விரித்தார். கப்பல் அசங்கி அசங்கி நின்றது. இல்லை, நிற்கவில்லை. நீரோட்டம் அதைக் கரைக்கு எதிர்த்திசையில் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. அந்தத் திசையில், முதலைமுதுகு மாதிரி, கறுத்த பாறைத் திட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அலை அதில் மோதி வெள்ளையாகச் சிதறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"நங்கூரத்தப் போடுங்க!" என்று பல் டாக்டர் கத்தினார்.

"நங்கூரம் தலைமை அலுவலகத்து வாசல்ல இருக்கு சார்" என்றார் கேப்டன். அவர் ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். "தங்க பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. நல்லாத்தான் இருக்கு."

கேப்டன் ரேடியோவில் கரை அலுவலகத்தை அழைத்தார். சுற்றி நின்ற எல்லோருக்கும் பதில் தெளிவாகக் கேட்டது.

"உங்க கப்பல் பத்திரமாக் கரை திரும்பிடுச்சே சார். இருபத்திரண்டு பேர் கையெழுத்து இங்க இருக்கு."

"நாங்க இன்னும் கடல்லதான் இருக்கோம். எஞ்சின் நின்னு போச்சு. பாறைப் பக்கம் போய்க்கிட்டு இருக்கோம். இழுவைப் படகு அனுப்புங்க."

"திரும்பி வந்த கப்பலுக்கு எப்படி சார் படகு அனுப்பறது? கணக்குல இடிக்கும்ல? ஒண்ணு பண்ணுங்க. அந்த இருபத்திரண்டு பேரும் தாங்க திரும்பி வரலன்னு நேர்ல வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

துணை இயக்குநர் பதறவில்லை. சாப்பாட்டு அறையில் அவசரக் குழுவைக் கூட்டினார். முதலில் சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசித்து ஒப்புதல் வாங்கினார்கள். அடுத்து, எதிரே இருக்கும் பாறை யாருடைய எல்லையில் வருகிறது என்ற விவாதம். மீன்வளத் துறையின் பாறை என்று முடிவாயிற்று. "நல்லது" என்றார் துணை இயக்குநர். "மோதினா விளக்கம் குடுக்க வேண்டியது அவங்க."

அக்கா அறைவாசலில் நின்று அதைக் கேட்டாள். திரும்பித் தளத்துக்கு வந்தாள். வெயில் உச்சி தாண்டியிருந்தது. சேலைத் தலைப்பு கரைப்பக்கமாகப் படபடத்தது. நாலு நாள் அந்தக் கரையில் நின்று பார்த்தவள் அவள். மத்தியானத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும், பொழுது சாயும்வரை விடாது. பாறைப் பக்கமிருந்து, கப்பலைத் தாண்டி, நேராக ஊரைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது யார் துறையிலும் இல்லாத காற்று.

"ஏங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. அவன் காலையிலிருந்து கம்பியைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். "அந்த மரத்துல ஏறுவீங்களா?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். இரண்டு நாளில் முதல்முறையாக அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. "அதுல கரண்டு இல்லல்ல? அப்ப என்ன?" என்றான்.

அக்கா இடுப்புப் பையிலிருந்து தையல் கத்தரியை எடுத்துப் பெரிய பாயின் முதல் முத்திரையை வெட்டினாள். அரக்கு தெறித்து விழுந்தது. விசில் ஊதியபடி மகிழ்ச்சி அலுவலர் ஓடிவந்தார்.

"மேடம்! முத்திரைய உடைக்கக் கூடாது! அது குற்றம்!"

"அது தெரியுதா தம்பி?" அவள் பாறையைக் காட்டினாள். "அதுக்கு உன் விசிலு புரியுதான்னு ஊதிப் பாரு. புரியலன்னா அத வாயில இருந்து எடுத்துட்டு வந்து இந்தப் பிளாஸ்டிக்கக் கிழி."

மகிழ்ச்சி அலுவலர் பாறையைப் பார்த்தார். பாறையடியில் அலை நுரைத்தது. அவர் பதிவேட்டைக் கீழே வைத்தார், அது காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் விசிலை வைத்தார், பிறகு இரண்டு கையாலும் பிளாஸ்டிக்கைக் கிழிக்கத் தொடங்கினார்.

அதற்குள் லைன்மேன் பாய்மரத்தின் உச்சிக்குப் போய்விட்டிருந்தான். கயிறு ஓடும் கப்பியை வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து அடித்து அசையாதபடி ஒட்டவைத்திருந்தார்கள். வேலைக்குப் போகாத நாளிலும் பையில் இருக்கும் கட்டிங் பிளேயரால் பெயிண்டைப் பெயர்த்துப் பெயர்த்து, உருளையை நெம்பினான். வெள்ளைச் செதில்கள் மழைபோலக் கொட்டின. "சுத்துது!" என்று மேலிருந்து கத்தினான். "இழுங்க!"

அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். முக்காலிக்குப் பக்கத்தில் பாய் விரிப்பவர் விறைத்து நின்றார்.

"அண்ணே, வாங்க."

"நான் நிலை ரெண்டும்மா... இழுக்கக் கூடாது. வேலை போயிடும்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல நிலை ஒண்ணு, நிலை ரெண்டு எல்லாம் தண்ணிக்குள்ளதான். எனக்குத் தைக்கத்தான் தெரியும். இத எப்படி ஏத்தறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். சொல்லித் தர்றீங்களா, இல்ல நான் தப்புத் தப்பா இழுக்கட்டுமா?"

அந்தக் கடைசிச் சொல்தான் வேலை செய்தது. பாய் விரிப்பவர் அவள் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். அவள் பிடித்திருந்தது தவறான கயிறு. மூன்று வருஷமாகத் தினம் ஒரு தடவை தொட்ட கயிறுகள். இருட்டில் கேட்டாலும் சொல்வார். "அது இல்லம்மா, இது!" என்று பாய்ந்து வந்து சரியானதைப் பற்றினார். பற்றியதும் இழுத்துவிட்டார். இழுத்தபின் நிறுத்தவில்லை.

பல் டாக்டர் வந்தார், எஞ்சின்காரர் வந்தார், சமையல்காரர் கரண்டியோடு வந்தார். பயணிகள் வரிசையாகக் கயிற்றில் தொங்கினார்கள். பாய் விரிப்பவர் "இழு... விடு... இழு!" என்று குரல் கொடுத்தார். அவ்வளவு பெரிய குரல் அவருக்குள் இருந்தது அவருக்கே தெரியாது. ஃப்ளெக்ஸ் பேனர் கிழிந்து கடலில் விழுந்தது.

சத்தம் கேட்டுத் துணை இயக்குநர் வெளியே வந்தார். "நிறுத்துங்க! யார் உத்தரவு? கேப்டன், இவங்கள நிறுத்தச் சொல்லுங்க! உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க!"

கேப்டன் பாறையைப் பார்த்தார், ஏறிக்கொண்டிருந்த பாயைப் பார்த்தார். "ஞாபகம் இருக்கு சார். அந்த ஆறு மாசம் உயிரோட இருக்கணும்னு ஆசை" என்று சொல்லிவிட்டுச் சுக்கானைக் கரைப்பக்கம் ஒடித்தார்.

பாய் முதலில் துவண்டு தொங்கியது. ஒரு பக்கம் அடித்தது, மறுபக்கம் அடித்தது. பிறகு மேல்மூலையில் ஒரு சின்னக் குழி விழுந்தது. குழி கீழே இறங்கி அகன்றது. டம்மென்று ஒரு சத்தம். மூன்று மடிப்பும் இரட்டைத் தையலும் விறைத்துப் பிடிக்க, பாய் முழுக்க முழுக்கக் காற்றை வாங்கி நிமிர்ந்தது. கப்பலுக்கு உடம்பு சிலிர்த்த மாதிரி இருந்தது. நீரோட்டம் கொஞ்ச நேரம் விடாமல் இழுத்தது. பாய் அதைவிடப் பிடிவாதமாக இழுத்தது. பாறை அருகே வந்து, அருகே வந்து, அப்படியே நின்றது. பிறகு சிறிதாகத் தொடங்கியது.

ஒருவரும் விசில் ஊதவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகிழ்ச்சி அலுவலர் கயிற்றைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

அக்கா மரத்தடியில் நின்று கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தாள். ஒரு தையல் விடவில்லை. ஐந்து பாயில் மூன்றை ஏற்றினார்கள். பொழுது சாயும்போது கப்பல் ஒரு மீன்பிடித் துறையின் மணலில் மூக்கைச் செருகி நின்றது. துணை இயக்குநர் முதல் ஆளாக இறங்கி, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, அங்கிருந்த மீனவர்களிடம் இது திட்டமிட்ட நிறுத்தம் என்று விளக்கினார்.

ஒரு மாதம் கழித்து வாரியத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'அனுமதியின்றிக் காற்றைப் பயன்படுத்தியது தொடர்பாக' விசாரணை. அக்கா போனாள். புருஷனும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

நீளமான மேசைக்குப் பின்னால் மூவர் குழு. சுவரோரமாகக் கேப்டன், மகிழ்ச்சி அலுவலர், பாய் விரிப்பவர். பாய் விரிப்பவரின் சட்டையில் தைத்திருந்த எழுத்துகளைப் பிரித்து எடுத்திருந்தார்கள்; நூல் ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. தற்காலிகப் பணிநீக்கம்.

குழுத் தலைவர் அன்பாகத்தான் பேசினார். "யாரையும் தண்டிக்கறது எங்க நோக்கம் இல்லம்மா. வாரியத்தோட கப்பல் பாய் விரிச்சு ஓடுச்சுன்னு பதிவானா, அப்ப இத்தன வருஷம் ஏன் ஓடலன்னு கேள்வி வரும். முத்திரைய ஒரு பயணி உடைச்சாங்கன்னா, ஏன் உடைக்க வேண்டி வந்துச்சுன்னு கேள்வி வரும். கேள்வி வந்தா எல்லாருக்கும் கஷ்டம். அதனால நாங்களே ஒரு வாக்குமூலம் தயார் பண்ணி வெச்சிருக்கோம். கையெழுத்து போட்டீங்கன்னா இவங்க மூணு பேரும் நாளைக்கே வேலைக்கு வரலாம். உங்களுக்கும் அடுத்த டெண்டர்ல முன்னுரிமை."

ஒரு வரிதான் இருந்தது. 'மேற்படி நாளில், மேற்படி பாய்கள் தாமாகவே விரிந்தன.'

அக்கா பேனாவை எடுக்கவில்லை. அவளுக்குத் தன்னைப் பற்றிக் கவலை இல்லை. லாரிகள் ஓடும்வரை அவளுக்குச் சோறு உண்டு. ஆனால் சுவரோரம் நிற்கிற மனிதருக்கு வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருப்பார்கள். தன் வீம்புக்கு அவர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரையே கேட்டாள்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. போட்டுடட்டுமா? உங்க வேலை இது."

பாய் விரிப்பவர் தன் சட்டையில் இருந்த நூல் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். குழுத் தலைவர் ஊக்கமாகத் தலையாட்டினார்.

"போடாதீங்கம்மா" என்றார் பாய் விரிப்பவர். "மூணு வருஷத்துல நான் செஞ்சது அந்த ஒரு வேலைதான். அதையும் தானா நடந்துச்சுன்னு எழுதிட்டா, அப்ப நான் எதுக்கு?" முன்னால் வந்து மேசையில் கையை ஊன்றினார். "எழுதுங்க சார். நான்தான் இழுத்தேன். தொடல. இழுத்தேன்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அக்கா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, 'தாமாகவே விரிந்தன' என்பதை அடித்தாள். மேலே தன் கோணல் எழுத்தில் எழுதினாள்: 'நாங்கள் விரித்தோம். முத்திரையை நான் வெட்டினேன். கயிற்றை இவர் இழுத்தார். காற்று நன்றாக இருந்தது.' கையெழுத்துப் போட்டுப் பேனாவை நீட்டினாள். பாய் விரிப்பவர் போட்டார். கேப்டன் வந்து, "சுக்கான் என் கையில இருந்துச்சு, அதையும் சேத்துக்குங்க" என்று எழுதிப் போட்டார். மகிழ்ச்சி அலுவலர் கொஞ்சம் தயங்கினார். பிறகு அவரும் வந்து, 'பிளாஸ்டிக்கைக் கிழித்தது நான்' என்று சின்ன எழுத்தில் ஓரமாக எழுதிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

நால்வரும் கதவுப் பக்கம் நடந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க!" குழுத் தலைவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி வாக்குமூலம் இதுவரைக்கும் வந்ததே இல்ல. இத வெச்சுக் கட்டறதுக்கு வாரியத்துல ஒரு உறைகூடக் கிடையாது!"

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"அளவு சொல்லுங்க" என்றாள். "தைச்சுத் தர்றேன்."